குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியப்பா, சித்தப்பா, மாமா, அண்ணன், தம்பி எல்லோருக்கும்,



குலதெய்வக் கோயில் குழு, பங்காளிகள் குழு, தெருக் குழு, பத்தாம் வகுப்பு நண்பர்கள் குழு என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒன்றுக்கு நீங்கள் அட்மினாக இருக்கிறீர்கள். அத்தைகளும் அக்காக்களும் நடத்துகிற குழுக்களும் உண்டு. அவற்றில் சீட்டுக் கணக்கும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் வளைகாப்புப் படங்களும்தான் அதிகம். ஊருக்கே எச்சரிக்கை விடுகிற குழுக்களை நடத்துவது, நான் பார்த்த வரையில், நீங்கள்தான். அதனால் இந்த மடல் உங்களுக்கு.

நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் நடத்துகிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருப்பது உங்கள் மகளும் உங்கள் அண்ணன் மகளும்தான். காலையில் நீங்கள் போகிற போக்கில் தட்டிவிடும் ஒரு செய்தியால், மறுநாள் எவளோ ஒருத்தியின் கையில் போன் இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொய்ச் செய்தி ஒரு பிரச்சினை, பெண்களுக்கு நடக்கும் அநியாயம் இன்னொரு பிரச்சினை என்று கருத்தரங்குகளில் தனித்தனி அமர்வு வைக்கிறார்கள். உங்கள் குழுவில் இரண்டும் ஒரே செய்தியாகத்தான் வந்து இறங்குகின்றன.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பழைய செய்தி. 2016 வாக்கில் நாடு முழுக்கச் சுற்றியது. உங்கள் அம்மா, அக்கா, தங்கைகளிடம் சொல்லி டிபியில் இருக்கும் படத்தை எடுக்கச் சொல்லுங்கள், ஐஎஸ்ஐஎஸ் ஹேக்கர்கள் அவற்றைத் திருடித் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், வாட்ஸ்அப் தலைமை அதிகாரியே சொல்லிவிட்டார், டெல்லி போலீஸ் கமிஷனரும் கேட்டுக்கொள்கிறார் என்று போகும். வாட்ஸ்அப் அப்படி எதுவும் சொல்லவில்லை. கமிஷனர் என்று அதில் போட்டிருந்த பெயர்கூட அன்றைய டெல்லி கமிஷனரின் பெயர் கிடையாது. ஆனாலும் அந்தச் செய்திக்குச் சாவில்லை. ஒவ்வொரு தடவையும் சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது. ஐஎஸ்ஐஎஸ் போய் இப்போது ஏஐ வந்திருக்கிறது.

அந்தச் செய்தி யாரிடம் பேசுகிறது என்று கவனித்தீர்களா? பெண்களிடம் பேசவே இல்லை. அவர்களைக் கட்டுப்படுத்துகிறவராக உங்களை நினைத்து உங்களிடம் பேசுகிறது. படத்தைத் திருடுகிறவனுக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. "தம்பிகளா, எந்தப் பெண்ணின் படத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், எடுத்தால் கம்பி எண்ணுவீர்கள்" என்று ஒரு பார்வேர்டு எனக்கு வந்ததே கிடையாது. உங்களுக்கு வந்திருந்தால் அனுப்பி வையுங்கள், வகுப்பில் காட்டுகிறேன்.

நல்ல எண்ணத்தில் அனுப்பியதும் இப்படித்தான் முடிகிறது. 2019 நவம்பரில் ஹைதராபாத் பக்கம் ஒரு பெண் கால்நடை மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தனியாக மாட்டிக்கொள்ளும் பெண்களைப் போலீஸே இலவசமாக வீட்டில் விடும், இந்த எண்ணை அழையுங்கள் என்று ஒரு செய்தி பரவியது. திட்டம் உண்மைதான். ஆனால் அது பஞ்சாபில் லூதியானா நகரப் போலீஸ் தங்கள் ஊருக்காகத் தொடங்கியது. ஊர்ப் பெயரை யாரோ எடுத்துவிட்டார்கள், செய்தி நாடு முழுவதற்கும் ஆகிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் பஸ் கிடைக்காமல் நிற்கிற ஒருத்தி அதை நம்பி அழைத்திருந்தால், லூதியானாவில் ஒரு போலீஸ்காரர் எடுத்துப் பஞ்சாபியில் என்ன வேண்டும் என்று கேட்டிருப்பார்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தின் காரை ஊரார் மறித்து அடித்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். வழியில் நிறுத்திய இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. வடமாநிலக் கும்பல் பிள்ளைகளைக் கடத்த வந்திருக்கிறது என்ற குரல் பதிவுகள் அதற்கு முன்பே பல நாளாக அந்தப் பக்கத்துப் போன்களில் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த அம்மா பேசியது தமிழ்தான். அடிக்கிறவர்களின் காதில் விழவில்லை. அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஓர் ஆள் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார். ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஒரே நாளில் ஐந்து பேர்.

அந்தப் பருவத்தில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்று உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். பைக்கில் இரண்டு பேர் வருவார்கள். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இரண்டு பேரும் திரும்பி வந்து பிள்ளையை இறக்கி விடுவார்கள், கடைசியில் எச்சரிக்கை வாசகம் ஒன்றைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டு அனுப்பினார்கள். பொய் என்று எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை, சில விநாடிகளைக் கழித்ததே போதுமானதாக இருந்தது.

இப்போது என் வகுப்புக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆண்டும் ஒரு பயிற்சி கொடுப்பேன். வீட்டுக் குழுவில் வந்த ஏதாவது ஒரு செய்தியின் மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்து வரவேண்டும். வீடியோவை நிறுத்தி ஒரு காட்சியைப் படமாக எடுத்துக் கூகுளில் போட்டுத் தேடுவது, பழைய தேதி எங்கே கிடைக்கும் என்று பார்ப்பது, மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்தில் அறிவிப்பு இருக்கிறதா என்று சரிபார்ப்பது, யூடர்ன் மாதிரித் தமிழில் சரிபார்க்கிறவர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது. பெரிய வித்தை கிடையாது. இரண்டாவது வாரத்தில் பிள்ளைகள் என்னைவிட வேகமாகச் செய்கிறார்கள்.

அப்படிச் செய்த ஒரு பெண். மழைக்காலத்தில் அவர்கள் குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பக்கத்து அணையில் விரிசல், ராத்திரிக்குள் உடைந்துவிடும், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் கிளம்புங்கள் என்று ஒருவர் மூச்சு வாங்கப் பேசுகிறார். எந்த அணை என்று பெயர் இல்லை, தேதி இல்லை. அதற்கு முந்தைய மழைக்கும் அதே குரல், அதே மூச்சிரைப்பு என்பதை அவள் கண்டுபிடித்து, மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையும் சேர்த்துக் குழுவில் போட்டாள். பத்து நிமிஷத்தில் அட்மின் பெரியப்பா அவள் அப்பாவுக்குப் போன் செய்தார். அணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு குரூப்புல என்ன பேச்சு?" என்று கேட்டார். அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அப்பா போனை வாங்கி வைத்துக்கொண்டார். குரல் பதிவு அங்கேயே இருந்தது. அவளுடைய சித்தி ஒருவர் அன்று ராத்திரி பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்திருக்கிறார்.

எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். பயமுறுத்துகிற பொய்ச் செய்தி பெண்ணின் கையிலிருந்து போனைப் பறிக்கிறது. அந்த வீட்டில் அது பொய் என்று கண்டுபிடிக்கக்கூடியவளும் அவள்தான். அவள் வாயை மூடினால் அடுத்த பொய் இன்னும் சுலபமாக உள்ளே வருகிறது. அந்தப் பொய் வந்த பிறகு அவளை இன்னும் இறுக்குகிறீர்கள்.

"எங்க வீட்ல பொண்ணுக்கு போன் வாங்கிக் கொடுத்திருக்கோமே" என்பீர்கள். கொடுத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தாங்களே பயன்படுத்தும் போன் இருப்பதாகச் சொன்னார்கள். வட மாநிலங்கள் பலவற்றைவிட நாம் எவ்வளவோ மேல். ஆனால் அதே கணக்கெடுப்பில் இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருக்கிறோம் என்று சொன்ன தமிழ்நாட்டுப் பெண்கள் பாதிக்கும் குறைவு. நாடு முழுக்கப் பார்த்தால் பெண்களில் மூன்றில் ஒருவர், ஆண்களில் பாதிக்கு மேல்.

போன் கையில் இருப்பதும் அது அவளுடையதாக இருப்பதும் வேறு வேறு. கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பும் நாளில் வந்து பாருங்கள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தகுதியான பெண் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஆதார் எண்ணைப் போட்டாயிற்று, ஓடிபி வரவேண்டும். ஆதாரில் இருப்பது அப்பாவின் எண். அப்பா லாரியில் ஓசூர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார். இவள் தன் போனிலிருந்து அழைக்கிறாள், எடுக்கவில்லை. மறுபடி அழைக்கிறாள். அவர் வண்டியை ஓரம் கட்டி, மெசேஜைத் தேடி, ஒவ்வொரு எண்ணாகப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. பின்னால் வரிசையில் நிற்கிறவள் உச்சுக் கொட்டுகிறாள். சில வீடுகளில் அண்ணனின் எண். அவனோடு சண்டை போட்ட வாரத்தில் ஓடிபி வராது. பெண்ணுடைய ஆதார், பெண்ணுடைய வங்கிக் கணக்கு, பெண்ணுக்கு வருகிற பணம், ஆனால் திறவுகோல் வீட்டு ஆணிடம். இதை எந்த மென்பொருள் நிறுவனமும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்த ஏற்பாட்டை ஆறு இலக்க எண்ணாக மாற்றிக் கொடுத்ததோடு மென்பொருளின் வேலை முடிந்தது.

பாதுகாப்புக்காகத்தானே இதெல்லாம் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பயப்பட வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. 2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டி விட்டார்கள். அடுத்த ஜனவரியில் டெல்லி போலீஸ் பிடித்த இளைஞர், தான் நடத்திய ரசிகர் பக்கத்துக்கு ஆள் சேர்க்கவே அதைச் செய்ததாகச் சொன்னது போலீஸ். நடிகைக்கு நடந்ததால் நாடே பேசியது. அதே வேலையைப் பக்கத்துத் தெருப் பையன் இன்று இலவசச் செயலியில் செய்ய முடியும். ஏஐ பற்றி வரும் எச்சரிக்கைகளில் இந்த அளவுக்கு உண்மை இருக்கத்தான் செய்கிறது. கேள்வி, அதன் பிறகு நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பது.

பொள்ளாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் அந்தப் பாலியல் வன்கொடுமை வழக்கு வெளியே வந்தபோது உங்களில் பலருக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கொதிப்பில் என்ன செய்தீர்கள்? ஒரு பெண் அழுது கெஞ்சுகிற வீடியோவை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்பினீர்கள். கண்டனம் தெரிவிக்கத்தான் அனுப்பினோம் என்பீர்கள். அவளை மிரட்டுவதற்கு எடுக்கப்பட்ட வீடியோ அது. மிரட்டியவர்களுக்கு எட்டாத போன்களுக்கெல்லாம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கண்டனம்தான். புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே வெளியே சொன்னார், அரசாணையிலும் பெயர் வந்தது. அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அரசுக்குக் கணக்குக் கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது. குழுக்களுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

வழக்கு வெளியே வந்த அந்த நாட்களில் கோவை, திருப்பூர் பக்கத்து வீடுகளில் எத்தனையோ பெண்களின் போன்கள் பீரோவுக்குள் போயின. ஆண் பிள்ளைகளின் போனை யாரும் வாங்கி வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது ஆண்களுக்குச் சாகும்வரை சிறை விதித்தது. அந்தத் தீர்ப்பு வந்தது பெண்கள் முன்வந்து சாட்சி சொன்னதால். வாயைத் திறந்தால் வீட்டில் போனும் போகும், படிப்பும் போகும் என்று பயந்து புகாரே கொடுக்காத பெண்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை.

சேலம் மாவட்டத்தில் 2016 ஜூனில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 21 வயதுப் பட்டதாரிப் பெண். அவள் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். வீட்டார் புகார் கொடுத்தார்கள், போலீஸ் இழுத்தடித்தது, இன்னொரு படமும் வந்தது. அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். நான் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்பதை எழுதி வைத்துவிட்டுப் போனாள். பெற்றவர்களே நம்பவில்லையே என்ற வேதனையும் அந்தக் கடிதத்தில் இருந்தது. படம் பொய் என்று நிரூபிக்கத் தொழில்நுட்பம் வேண்டும். மகளை நம்ப அது தேவையில்லை.

நிறுவனங்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறாய் என்று ஒரு மாமா கேட்பார். நியாயம். யூடியூப்பில் "பகீர்", "அதிர்ச்சி" என்று பெண்ணின் படத்தைப் போட்டுத் தலைப்பு வைப்பவருக்குப் பார்வைக்கேற்பக் காசு வருகிறது, யூடியூப்புக்கும் பங்கு போகிறது. வாட்ஸ்அப்கூட 2018 கொலைகளுக்குப் பிறகுதான் அசைந்தது. அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி இரட்டை அம்புக் குறியோடு வரும் செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்று அந்த நிறுவனமே சொன்னது. ஒரு பொத்தானின் வேகத்தைக் குறைத்ததற்கே இவ்வளவு பலன் என்றால், முன்பே செய்திருக்கலாமே என்று நானும் கேட்கிறேன்.

ஆனால் வாட்ஸ்அப்பில் யாருக்கு என்ன போகிறது என்பதை நிறுவனம் படிப்பதில்லை. செய்தி மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. அது நல்லதுதான், அரசாங்கம் எல்லார் வீட்டுப் பேச்சையும் படிக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அப்படியானால் அங்கே படித்துப் பார்த்து நிறுத்தக்கூடிய ஆள் குழுவுக்குள் இருக்கும் மனிதர் மட்டும்தான். உங்களுக்கு என்னென்ன அதிகாரம் இருக்கிறது என்பதாவது தெரியுமா? அட்மின்கள் மட்டும் பதிவிடலாம் என்று மாற்றிவைக்கும் வசதி 2018-இலேயே வந்துவிட்டது. யார் போட்டதாக இருந்தாலும் எல்லோர் போனிலிருந்தும் அழிக்கும் வசதி 2022-இல் வந்தது. அணைச் செய்தியை அழிக்கவும் உங்களால் முடிந்திருக்கும். பெண்ணை நீக்கத்தான் உங்களுக்குத் தோன்றியது.

சட்டத்துக்குப் பயப்படச் சொல்லவில்லை. ஒரு உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மினாக மட்டும் இருந்த ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றமும் முன்பே அப்படித்தான் சொன்னது. சட்டம் உங்களை விட்டுவிட்டது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

பெண்ணின் பக்கம் நிற்கிற சட்டமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரின் அந்தரங்கப் படமோ, அவர் முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படமோ வலைத்தளங்களில் வந்தால், சம்பந்தப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. "அவர் சார்பில்" என்ற இடத்தைக் கவனியுங்கள். அண்ணன் கொடுக்கலாம், மாமா கொடுக்கலாம். போனைப் பிடுங்கப் போகிற கை அந்தப் புகாரை எழுதிக் கொடுக்கலாம். பிடுங்கிவிட்டால் ஆதாரமும் சேர்ந்து போகிறது. எந்தக் கணக்கிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, என்ன கேட்டு மிரட்டினான் என்பதெல்லாம் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கணக்கையும் மூடிவிட்டு, பிறகு காவல் நிலையத்துக்குப் போகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இணைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலே கொடுக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பெண்களைப் பற்றி எச்சரிக்கும் செய்தி ஒன்று அடுத்த முறை வந்தால், குழுவில் போடுவதற்கு முன் வீட்டில் படிக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, இது உண்மையா பார் என்று அவள் போனிலேயே பார்க்கச் சொல்லுங்கள். பொய் என்று அவள் சொன்னால் அவள் பெயரைப் போட்டே குழுவில் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட எந்தப் பெண்ணின் வீடியோவையும், எவ்வளவு கோபத்தோடு வந்தாலும், வந்த நொடியில் எல்லோருக்குமாக அழியுங்கள். 18 வயது தாண்டிய மகளுக்கு அவள் பெயரிலேயே சிம் வாங்கிக் கொடுத்து, ஆதாரிலும் வங்கியிலும் அந்த எண்ணை மாற்றிக் கொடுங்கள்.

போன் வாங்கி வைக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு இது கடைசிப் பருவம். பயிற்சியின் இரண்டாம் பகுதியைப் பக்கத்தில் இருப்பவளின் போனை வாங்கித்தான் முடித்தாள். அவளுடைய பெரியப்பாவும் இந்த மடலைப் படிக்கக்கூடும். ஐயா, அவளைத் திரும்பவும் குழுவில் சேருங்கள். முடிந்தால் அட்மினாகவே சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் கணினி ஆசிரியை